வெட்டிப் பார்த்தால்தான் தெரியும் விசை

பொறியியல் பயிலும் நம் தமிழ் மாணவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உத்திரத்தில் வெட்டு விசை என்றால் என்ன? சூத்திரம் வேண்டாம், படம் வேண்டாம். உங்கள் பாட்டிக்குப் புரியும்படி தமிழில் இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்." பெரும்பாலும் பதிலாகக் கிடைப்பது ஒரு சிரிப்புதான். "அதெல்லாம் தமிழில் சொல்ல முடியாது" என்பார் ஒருவர். "தேர்வில் அப்படிக் கேட்கமாட்டார்கள்" என்பார் இன்னொருவர்.

இரண்டாவது பதிலை நான் ஒப்புக்கொள்கிறேன். முதல் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தமிழில் சொல்ல முடியவில்லை என்று நாம் சொல்லும்போது, பல நேரங்களில் அந்தக் கருத்தை நாம் எந்த மொழியிலும் முழுதாகப் பிடித்துக்கொள்ளவில்லை என்பதே உண்மை. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் தமிழில் அறிவியல் படித்தோம். இடைநிலைப்பள்ளியில் அதை மலாய்மொழியில் தொடர்ந்தோம். பல்கலைக்கழகத்தில் பாடநூல் ஆங்கிலத்திற்கு மாறியது. மூன்று மொழிகளைக் கடந்து வந்ததில் சொற்கள் மாறின, மதிப்பெண்கள் வந்தன. கருத்து எந்த இடத்தில் இறங்கிக்கொண்டது என்று யாரும் கேட்கவில்லை. இக்கட்டுரையின் நோக்கம் அதைக் கேட்பதே.

காண்டாக் கம்பும் உத்திரமும்

கெடா மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த குடும்பங்களுக்குக் காண்டா தெரியாமல் இருக்க முடியாது. பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பாலிங் என்று எந்தப் பக்கம் போனாலும், பால்மரம் வெட்டிய தலைமுறையினரின் தோளில் அந்தத் தழும்பைப் பார்க்கலாம். ஒரு கம்பு, இரு முனைகளிலும் இரண்டு பால் வாளிகள், நடுவில் தோள். பினாங்கின் நாசி கண்டாருக்கும் பெயர் தந்தது இதே சுமைக்கம்புதான்.

கம்பின் நீளம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரு வாளிகளும் 15 கிலோ என்றால் தோள் நடுவில் இருக்கும். ஒரு வாளியில் 20 கிலோ, மற்றதில் 10 கிலோ என்றால், தூக்குகிறவர் கம்பைத் தானாகவே நகர்த்திக்கொள்வார். கனமான வாளிக்கு அரை மீட்டரிலும், இலேசான வாளிக்கு ஒரு மீட்டரிலும் தோள் வந்து நிற்கும். இருபதைப் பாதியால் பெருக்கினாலும் பத்து, பத்தை ஒன்றால் பெருக்கினாலும் பத்து. அந்தத் திருப்புத்திறன் சமன்பாட்டை நம் பாட்டிமார்கள் பலர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலேயே நாள்தோறும் தோளில் போட்டுச் சரிபார்த்தார்கள்.

இப்போது அந்தக் காண்டாவை மனத்திற்குள் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். தோள் இருந்த இடத்தில் 30 கிலோ சுமை மேலிருந்து அழுத்துகிறது. வாளிகள் தொங்கிய இடங்களில் இரண்டு தாங்கிகள் கீழிருந்து தூக்கிப் பிடிக்கின்றன. ஒரு தாங்கி 20 கிலோ எடையைத் தாங்குகிறது, மற்றது 10. நாம் இரண்டாம் ஆண்டில் படிக்கும் எளிய தாங்கு உத்திரம் இதுதான். சாக்கடை மேல் போட்ட பலகையும், இரு தூண்களில் உட்காரும் வீட்டு உத்திரமும், நெடுஞ்சாலை மேம்பாலங்கள் பலவற்றில் தூணுக்குத் தூண் தனித்தனியே வைக்கப்பட்ட காங்கிரீட் உத்திரங்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

வெட்டு விசை எங்கே இருக்கிறது? காண்டாவில் தோளுக்கும் 20 கிலோ வாளிக்கும் இடையே ஏதாவது ஓரிடத்தில் கம்பை அறுப்பதாக எண்ணிக்கொள்வோம். வாளிப்பக்கத் துண்டு உடனே கீழே விழும். அது விழாமல் இருக்க வேண்டுமானால், அறுத்த இடத்தில் யாராவது 20 கிலோவை மேல்நோக்கிப் பிடிக்க வேண்டும். அறுக்காத கம்பில் அந்த வேலையைச் செய்வது கம்பின் மரமே. பக்கத்துத் துண்டைக் கீழே சறுக்கவிடாமல் மரம் பிடித்துக்கொள்ளும் அந்தப் பிடிதான் வெட்டு விசை. தோளுக்கும் வாளிக்கும் இடையில் எங்கே அறுத்தாலும் அது 20 கிலோதான். கம்பை நீளமாக்கினால் வளைவு கூடும். வெட்டு விசை கூடாது. பாட்டிக்கு வேண்டிய இரண்டு வாக்கியமும் இதற்குள்ளேயே கிடைத்துவிட்டன.

ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறோம்?

வெட்டு விசை கண்ணுக்குத் தெரியாது. வளைவையாவது கண்ணால் பார்க்கலாம், தாங்கியில் இறங்கும் எடையைத் தராசு வைத்து அளக்கலாம். உத்திரத்துக்கு உள்ளே இருக்கும் விசையை நேரடியாக அளக்க ஒரே வழி, உத்திரத்தை உண்மையாகவே வெட்டிவிட்டு, மரமோ இரும்போ செய்த வேலையை ஓர் அளவுகருவியிடம் ஒப்படைப்பதாகும்.

கட்டுமானப் பொறியியல் ஆய்வுக்கூடங்களில் உள்ள கருவி அதைத்தான் செய்கிறது. உத்திரம் இரு துண்டாக இருக்கும. இணைப்பில் உள்ள பொறியமைப்பு, ஒரு துண்டு மற்றதை ஒட்டி மேலும் கீழும் நகர மட்டுமே இடம் கொடுக்கும், வளைவைத் தடுத்துக்கொள்ளும். அந்த நகர்வை நிறுத்திப் பிடிப்பது ஒரு வில்தராசாகவோ மின்னணு விசைமானியாகவோ இருக்கும். அது காட்டும் எண்தான் வெட்டு விசை.

ஒரு கணக்கு பார்ப்போம். தாங்கிகளுக்கு இடையே 440 மில்லிமீட்டர். வெட்டு, இடப்பக்கத் தாங்கியிலிருந்து 300 மில்லிமீட்டரில் இருக்கிறது. 4 நியூட்டன் எடையை நடுவில், அதாவது 220 மில்லிமீட்டரில் தொங்கவிட்டால் கருவி 2 நியூட்டன் காட்ட வேண்டும். எடையை வெட்டை நோக்கி நகர்த்த நகர்த்த எண் ஏறும். வெட்டுக்குச் சற்று இடப்பக்கம் வந்து நின்றால் 2.73 நியூட்டன். அதே எடையை வெட்டைத் தாண்டி வலப்பக்கம் மாட்டுங்கள். விசை திசை மாறி, 1.27 நியூட்டன் ஆகிவிடும். 2.73, 1.27 இரண்டையும் கூட்டினால் 4. நாம் தொங்கவிட்ட எடை முழுவதும் அங்கே இருக்கிறது.

எடை ஒரு விரற்கடை நகர்ந்ததும் விசை ஏன் தலைகீழாகிறது? இந்த ஒரு கேள்வியை நின்று யோசித்தால் பாடம் முழுவதும் புரிந்துவிடும். ஆனால் நடப்பது என்ன? ஐவர் கொண்ட குழுவில் ஒருவர் எடையை மாட்டுவார், ஒருவர் எண்ணைப் படிப்பார், ஒருவர் எழுதுவார், இருவர் கைப்பேசியைப் பார்ப்பார்கள். அட்டவணை நிரம்பும். முந்திய ஆண்டு அறிக்கையைப் பார்த்து விளக்கம் எழுதப்படும். செய்முறைப் பிழை எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு, உராய்வின் மேல் பழியைப் போட்டு முடித்துவிடுவார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆய்வுக்கூடத்தில் கையால் தொட்ட சுரைக்காயையும் நாம் ஏட்டுச் சுரைக்காய் ஆக்கிவிடுகிறோம்.

இதனால் யாருக்கு என்ன நட்டம்?

புரியாமல் படித்தவர் ஒரு நாள் பொறியாளராகக் கையெழுத்திடுவார் என்பது ஒரு நட்டம். அதைவிட நமக்கு நெருக்கமான நட்டம் ஒன்று உண்டு.

வளைவினால் கெடும் உத்திரம் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும். தொய்யும், நடுப்பகுதியில் கீழிருந்து மேலாக வெடிப்பு விடும். வெட்டு விசையினால் கெடும் காங்கிரீட் அவ்வளவு அவகாசம் கொடுப்பதில்லை. தாங்கிக்கு அருகில் சாய்வாக ஒரு வெடிப்பு ஓடி, திடீரென்று அறுந்துவிடும். அதைத் தடுக்கத்தான் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிச் சதுர வளையங்கள் கட்டுகிறார்கள். தூணுக்கு அருகே நெருக்கமாகவும் நடுவில் இடைவெளி விட்டும் அவற்றைக் கட்டுவதன் காரணமும் இதுவே. தாங்கியை நெருங்கும்போதுதான் வெட்டு விசை அதிகம்.

கனடாவின் லாவால் நகரில் 2006 செப்டம்பர் 30ஆம் நாள் தெ லா கொன்கோர்டு மேம்பாலம் இடிந்து ஐவர் இறந்தனர். 1970இல் கட்டிய பாலம் அது. உத்திரங்களைத் தாங்கிய ஓரப் பகுதி வெட்டு விசையில் அறுந்தது. அங்கே கம்பிகள் வைக்கப்பட்ட முறை சரியில்லை என்பதும், தடித்த அந்தப் பகுதியில் வெட்டு விசைக்கான கம்பியே இல்லை என்பதும் பின்னர் விசாரணையில் தெரிந்தன. அன்றைய தினமே காங்கிரீட் துண்டுகள் சாலையில் விழுவதை வாகனமோட்டிகள் தெரிவித்திருந்தார்கள். பணியாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சென்றார். சிறிது நேரத்தில் பாலம் விழுந்தது.

நம் பக்கத்தில் 1988 ஜூலை 31ஆம் நாளை வடமாநிலத்துப் பெரியவர்கள் மறக்கமாட்டார்கள். பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹாலிம் படகுத்துறை, திருவிழாக் கூட்டத்தின் எடை தாங்காமல் இடிந்து விழுந்ததில் 32 பேர் இறந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அது வெட்டு விசையால் மட்டும் நேர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கட்டுமானம் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி அலுவலகத்துக் கோப்பில் மட்டும் இருந்துவிட்டால், அதன் மேல் நிற்பவர்களுக்கு அந்தக் கேள்வி தெரியாமலே போய்விடுகிறது என்பதே என் கருத்து.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பின்னர் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது நம் மக்கள் லயங்களை விட்டு நகரங்களின் வரிசை வீடுகளுக்கு வந்தார்கள். லயத்து வீட்டில் பலகையும் தகரமும் இருந்தன. தாமானில் இருப்பது காங்கிரீட். குடும்பம் பெருகும்போது பின்கட்டை நீட்டுகிறோம். அடுப்படியைப் பெரிதாக்குகிறோம். குளிரூட்டிக்குக் குழாய் போட உத்திரத்தில் ஓட்டை போடச் சொல்கிறோம். குத்தகைக்காரர் வசதியான இடமாகப் பார்த்துத் துளைத்துவிட்டுப் போகிறார். வசதியான அந்த இடம் தூணை ஒட்டிய மூலையாக இருந்தால், வெட்டு விசை மிகுந்த இடத்தில் கைவைத்துவிட்டார் என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவர் வேண்டாமா? சுண்ணாம்புப் பூச்சில் ஓடும் மயிரிழை வெடிப்பு எல்லாம் ஆபத்தில்லை. தூணுக்கு அருகே உத்திரத்தில் சாய்வாக ஓடி, நாளுக்கு நாள் அகலமாகும் வெடிப்பு வேறு. அதைப் பார்த்ததும் பொறியாளரை அழைக்க வேண்டும். இதை அம்மாவிடம் எந்த மொழியில் சொல்வீர்கள்?

சொல் இல்லை என்பது சாக்கு

தமிழில் கலைச்சொல் இல்லை என்பதை இனியாவது விட்டுவிடுவோம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது.

உண்மையில் நம் சிக்கல் சொற்கள் பலவாக இருப்பதே. தமிழ்நாட்டு இயற்பியல் நூல்களில் 'சறுக்குப்பெயர்ச்சி' என்று காண்கிறோம். 'நறுக்கு விசை' என்பாரும் உண்டு, 'வெட்டு விசை' என்பாரும் உண்டு. மலாய்மொழியில் அது 'டாயா ரிசே'. ஆங்கிலச் சொல்லோ ஆட்டு மயிர் கத்தரிக்கும் பெரிய கத்தரிக்கோலின் பெயரோடு உறவுடையது. நான் 'வெட்டு விசை'யைத் தேர்ந்துகொள்கிறேன். காரணம் நம் பாட்டிமார்களின் பாக்குவெட்டி. மேல் அலகு கீழே இறங்க, கீழ் அலகு தாங்கிப் பிடிக்க, இடையில் மாட்டிய பாக்கின் இரு பாதிகளும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு விலகுகின்றன. பாக்கு அந்த விலகலை எதிர்த்து நின்ற கணத்தில் இருந்தது வெட்டு விசை. வேறு சொல்லை விரும்புகிறவர் அதை ஆளட்டும். கருத்து ஊன்றிவிட்டால் சொல் பின்னால் வந்து சேரும்.

எதிர்க்கேள்விகள்

"அப்படியானால் பொறியியலைத் தமிழில் படிக்கச் சொல்கிறாயா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை. தமிழ்நாட்டிலேயே அது எளிதாக இல்லை. 2023இல் அண்ணா பல்கலைக்கழகம் தன் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் தமிழ்வழிப் பிரிவுகளைத் தற்காலிகமாக மூடுவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. வேலைச் சந்தை, பாடநூல், மேற்கல்வி எல்லாம் ஒருங்கே அமையாமல் பட்டத்தின் மொழியை மட்டும் மாற்றுவது மாணவர் தலையில் சுமையை ஏற்றுவதாகும். மலேசியாவில் நம் நிலை இன்னும் வேறு. மலாயும் ஆங்கிலமும் நமக்கு வேண்டும், நன்றாகவே வேண்டும்.

"பாடமொழி பற்றி நாடே முடிவு செய்யாதபோது நாம் என்ன செய்ய முடியும்?" என்பது அடுத்த கேள்வி. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. அந்தக் கொள்கையைக் கைவிடும் முடிவு 2009 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. பிறகு 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளிகளில் அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நம் சமூகமே இரு பக்கமாகப் பிரிந்து வாதிட்டது. என் நிலைப்பாடு தொடக்கப்பள்ளியில் அறிவியல் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது. ஒரு பிள்ளை முதன்முதலில் 'ஏன்' என்று கேட்கும் மொழியிலேயே விடையும் கிடைக்க வேண்டும். ஆயினும் இந்த வாதத்தில் நாம் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. தமிழில் அறிவியல் வேண்டும் என்று மேடையில் முழங்குகிற பட்டதாரிகளான நாம், நாம் படித்த அறிவியலில் ஒரு பக்கமாவது தமிழில் எழுதியிருக்கிறோமா? கையில் எதுவும் இல்லாமல் உரிமை பேசினால் எதிர்த்தரப்பு எளிதாகச் சிரித்துவிடும்.

இரண்டு தராசு, ஒரு பலகை

ஆகவே ஒரு கோரிக்கையை நம் கழகத்தின் முன்னும் முன்னாள் மாணவர்கள் முன்னும் வைக்கிறேன்.

கெடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல இன்னும் தோட்டப் பெயரைத் தாங்கி நிற்கின்றன. நம் கழகம் ஆண்டுதோறும் நாடகமும் பட்டிமன்றமும் நடத்துகிறது. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றோடு, ஆண்டுக்கு ஒரு விடுமுறையில், பொறியியல் மாணவர்கள் சிலர் ஒரு தமிழ்ப்பள்ளிக்குச் சென்று இந்தச் சோதனையைச் செய்து காட்ட வேண்டும்.

தேவைப்படுபவை: ஆள் நிறுக்கும் தராசுகள் இரண்டு, மூன்று மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் இரண்டு அங்குலத் தடிப்புள்ள உறுதியான பலகை ஒன்று. தராசுகளின் நடுவே சிறு கட்டைகளை வைத்து, அவற்றின் மேல் பலகையை வையுங்கள். கட்டைக்கும் கட்டைக்கும் சரியாக மூன்று மீட்டர் இருக்கட்டும். பலகையின் எடையாக இரு தராசுகளும் காட்டுவதை முதலில் குறித்துக்கொண்டு, பின்னர் கழித்துவிடுங்கள். 30 கிலோ எடையுள்ள மாணவரை நடுவில் நிற்கச் சொல்லுங்கள். இருபுறமும் ஆசிரியர்கள் கைப்பிடிக்கட்டும். 15, 15 என்று வரும். இடப்பக்கத் தராசிலிருந்து ஒரு மீட்டரில் நிற்கச் சொல்லுங்கள். 20, 10 ஆகும். தராசுக்கு நேர் மேலே வந்து நின்றால் 30, 0. எங்கே நின்றாலும் கூட்டினால் முப்பதுதான் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள். நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.

அதன் பிறகு கேளுங்கள்: "நண்பனுக்கும் இடப்பக்கத் தராசுக்கும் நடுவே இந்தப் பலகையை அறுத்தால் என்ன ஆகும்? விழாமல் இருக்க எத்தனை கிலோ பிடிக்க வேண்டும்?" நான்காம் ஆண்டுப் பிள்ளையிடமிருந்தும் 'இருபது' என்ற விடை வரும் என்று நான் நம்புகிறேன். வந்துவிட்டால், பின்னாளில் விரிவுரை மண்டபத்தில் அதே கருத்து ஆங்கிலத்தில் வரும்போது அந்தப் பிள்ளைக்கு அது பழைய உறவாக இருக்கும். பள்ளிக்குத் தாத்தாவோ பாட்டியோ வந்திருந்தால் ஒரு காண்டாவையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தங்கள் குடும்பத்தின் தோளில் இருந்ததும் அறிவியல்தான் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

ஒவ்வொரு சோதனையையும் நான்கு பக்கத்தில் தமிழில் எழுதி இம்மலரிலேயே வெளியிடலாம். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் பணியாற்றும் முன்னாள் மாணவர்கள் தங்கள் துறையிலிருந்து ஆளுக்கு ஒன்று எழுதித் தரலாம். பத்து ஆண்டுகளில் ஒரு சிறு நூல் சேர்ந்துவிடும். பெருந்தொகையோ அமைச்சின் ஒப்புதலோ இதற்குத் தேவையில்லை. பள்ளித் தலைமையாசிரியரின் அனுமதியும் நமது இரண்டு நாள் உழைப்பும் போதும்.

உத்திரத்தின் ஒரு தாங்கி முப்பதையும் தாங்கி, மற்றது பூச்சியமாக நிற்பது, சுமை ஓர் ஓரத்திற்குப் போய்விட்டது என்பதன் அடையாளம். நம் தமிழ் இன்று இலக்கியத்தின் பக்கமே முழுவதுமாகச் சாய்ந்து நிற்கிறது. அறிவியல் பக்கத் தாங்கியில் எடை ஏற வேண்டுமென்றால் அங்கே போய் நிற்க ஆள் வேண்டும். வரும் பள்ளி விடுமுறைக்கு முதல் பலகையை நான் வாங்கித் தருகிறேன். தராசுகளைக் கொண்டுவர இருவர் முன்வந்தால் போதும்.